ஸ்ரீ இருந்த இடத்தில்

நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம் செய்துகொள்கிறவளுக்கு ஒரு சுதந்திரம் உண்டு. இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லக்கூடியவர்கள் அதற்குள் களைத்துப்போயிருப்பார்கள். புடவை என் இஷ்டம். சாப்பாடு என் இஷ்டம். சர்ச் வாசலில் வருகிறவர்கள் கையில் கொடுக்கும் ஆராதனைப் புத்தகம் முழுக்க முழுக்க என் இஷ்டம்.

எட்டே பக்கம்தான். எந்தப் பாட்டு, எப்போது எழுந்து நிற்பது, யார் வேதபாடம் வாசிப்பது, தாலி எப்போது, மோதிரம் எப்போது என்று வரிசையாகச் சொல்லும் சின்னப் புத்தகம். லிங்கராஜபுரத்தில் எந்த அச்சுக்கடைக்குப் போனாலும் இரண்டு புறா, ஒரு சிலுவை, கீழே பெயருக்கு இடம் விட்ட மாதிரி ஒன்று தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அது வேண்டாம். தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதிய தமிழில் பிழை பார்ப்பது என் பிழைப்பு. வீடு திரும்பினால் வரி உடைக்காமல் பத்தியாக ஓடும் கவிதைகள் எழுதுகிறேன். அவற்றில் ஒரு காற்புள்ளியை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தீர்த்திருக்கிறேன். என் கல்யாணத்துக் காகிதத்தை இன்னொருவர் கையில் விட மனம் வரவில்லை.

இது பெருமைக்குச் சொல்வது. உண்மைக் காரணம் அப்பா.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். சிட்டி பஸ்ஸில் கண்டக்டர். என் பதினொன்றாவது வயதில் அம்மாவும் போனாள். அவள் நிஜமாகவே போனாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளான அக்காதான் என் தலையைச் சீவிவிட்டு, ஃபீஸ் கட்டி, பிறகு தன் கல்யாணத்தின்போது என்னையும் சீதனம் போலக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். கன்னடப் பள்ளியில் டீச்சர். வீட்டில் அப்பாவைப் பற்றிய பேச்சு கிடையாது. திட்டுகூடக் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்பு நீலசந்திராவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனவள், தலைவலி மாத்திரை வாங்க ஒரு மருந்துக்கடையில் நின்றேன். கூட்டம். பின்னாலிருந்து ஒரு குரல்: "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி." முன்னால் போங்க என்று ஒரு பஸ் முழுவதையும் ஒரே தள்ளலில் நகர்த்தும் குரல். திரும்பாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் இறந்து, மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அதன்பின் மாதம் ஒருமுறை போவேன். எதையும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டீ குடிப்போம்.

கல்யாணம் என்று சொன்னபோது, "நான் வந்தா பெரியவ ஒத்துக்குவாளா?" என்றார்.

"நீங்க வாங்க. கடைசி பெஞ்சுல உக்காருங்க போதும்."

"என் பேரு போடுவியா?"

"போடாம? மணமகளின் தந்தைன்னு உங்க பேருதான்."

அவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே, "உன் கல்யாணம். உன் இஷ்டம். எனக்கென்ன பிடு," என்றாள், விடு என்பதைக் கன்னடத்தில். அதுவே பெரிது. பெண்ணை ஒப்புக்கொடுப்பவர் யார் என்று போதகர் கேட்கும் இடத்தை மட்டும் அவரிடம் கெஞ்சி முறைமையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு எழுந்து நிற்க இரண்டு பேருக்கு உரிமை இருந்தது. தனியாகவே நடந்து போவதாக முடிவு.

அச்சுக்கடையில் வேறு தொல்லை. மாப்பிள்ளை வீடு கன்னடக் கிறிஸ்தவர்கள். புத்தகத்தில் கன்னடப் பக்கம் ஒன்றாவது வேண்டும். அப்பாவும் இந்த ஊரிலேயே பிறந்து கன்னடத்தில் படித்தவர், தமிழ் பேசுவாரே ஒழிய ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் நேர்மாறு: கன்னடம் மளமளவென்று பேசுவேன், வாசிப்பது பஸ் போர்டு அளவுக்குத்தான், எழுத்துக்கூட்டி. கடைக்காரரின் கம்ப்யூட்டரில் என் தமிழ்க் கொம்புகள் இடம் மாறி உட்கார்ந்தன, கன்னடமோ துண்டு துண்டாகச் சிதறியது.

"மேடம், கன்னட ஃபாண்ட் இதுல ஒடையுது. யாராச்சும் நீட்டா கையால எழுதிக் குடுத்தா ஸ்கேன் பண்ணி அப்டியே போட்டுடலாம். ஆனா அப்றம் ஒரு எழுத்தும் மாத்த முடியாது."

அக்காவின் கையெழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. கரும்பலகையில் அவள் எழுதியதை அழிக்க மனமில்லாமல் அடுத்த வகுப்பு டீச்சர் ஓரத்தில் எழுதுவாராம். கேட்டேன். ஒத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் டைனிங் டேபிளில் குனிந்து எழுதினாள். நான் அருகில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினேன்: மேலே எங்கள் பெயர்கள், அதன் கீழ் பெற்றோர். அப்பாவின் பெயர், முன்னால் 'ஸ்ரீ'. அந்த ஸ்ரீயின் வால் சுழித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. முப்பத்தேழு வருஷத்தில் அவள் அந்தப் பெயரை முதல்முறையாக எழுதுகிறாள் என்பது என் மார்பில் இதமாய் வெந்நீர் ஊற்றினதுபோல் இருந்தது. அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன்: "கன்னடப் பக்கம் அக்கா எழுதறா. உங்க பேரையும் அவதான் எழுதினா."  "வெச்சிடறேன் கண்ணு," என்றார்.

அக்காவே தாளைக் கடையில் கொடுத்து வருவதாகச் சொன்னாள். "ஸ்கூலுக்குப் போற வழிதான். உனக்கு ஆயிரம் வேல இருக்கு." கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தாள்கள் வந்தன. ஹாலில் பாய் விரித்து இருவரும் மடித்தோம், நடுவில் பின் அடித்தோம். பிழை பார்ப்பவளான நான் தமிழ்ப் பக்கங்களை ஒவ்வொரு தாளிலும் கண்ணால் தடவினேன். கன்னடப் பக்கத்தைப் பார்த்தேன், வாசிக்கவில்லை. ஏற்கெனவே வாசித்துவிட்டேனே. அழகாக இருந்தது. "அக்கா, உன் எழுத்துதான் இந்தப் புக்குக்கே அழகு," என்று சொன்னேன். அவள் பின் அடித்துக்கொண்டே, "சும்னெ இரு," என்றாள்.

மறுநாள் காலை நான் உள்ளே நடந்தபோது அப்பா கடைசிக்கு முந்தின பெஞ்சில் இருந்தார். வெள்ளைச் சட்டை, அதன் கையில் இஸ்திரி மடிப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தார். புத்தகம் இன்னும் திறக்கப்படாமல் மடியில் இருந்தது. முதல் பாட்டில் எழுந்து நின்றிருப்பார். எந்தப் பாட்டு என்று பார்க்க, அவருக்கு வாசிக்க வரும் ஒரே பக்கமான ஆறாவதை, கன்னடப் பக்கத்தைத் திறந்திருப்பார். நான் பீடத்தைப் பார்த்து நின்றேன், என் முதுகுக்குப் பின்னால் அது நடந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது.

பஸ் பிடிக்கச் சீக்கிரம் கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். வாழ்த்துச் சொல்ல வந்த வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர்.

"நிம்ம தந்தெ தீரிஹோகி எஷ்டு வர்ஷ ஆய்த்தம்மா?"

அப்பா இறந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்கிறார். இல்லையே, இருக்கிறாரே, இப்போதுகூட வந்திருந்தாரே என்று சொன்னேன். அத்தை குழம்பிப்போய்ப் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தார். ஸ்ரீ இருந்த இடத்தில் ஸ்ரீ இல்லை. 'தி' என்று ஓர் எழுத்து, ஒரு புள்ளி.

தமிழில் அதைப் பார்த்தால் நாம் திரு என்று வாசிப்போம். கன்னடத்தில் பெயருக்கு முன்னால் அது 'திவங்கத'. காலஞ்சென்ற.

கணவரிடம் காட்டினேன். அவர் முகம் அதை முன்பே பார்த்த முகம்.

"காலைலயே கவனிச்சேன். அச்சுப் பிழைன்னு நெனச்சேன். நல்ல நாள்ல எதுக்குன்னு…"

எதுக்குன்னு. காலையிலேயே சொல்லியிருந்தால் நூற்றைம்பது புத்தகத்தையும் மூட்டையாகக் கட்டிக் காரில் போட்டிருப்பேன். பாட்டு தெரியாமல் எல்லோரும் வாய் மூடி நின்றிருந்தாலும் பரவாயில்லை.

பந்தியில் பிரியாணி பரிமாறும் சத்தத்துக்கு நடுவில் அக்காவைத் தனியே இழுத்தேன். அவள் தாளைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, திருன்ற நெனப்புல தி போட்டுட்டேன் டி. தமிழும் கன்னடமும் மண்டைல ஒண்ணாக் கெடக்கு." நம்பினேன். இந்த ஊரில் வாழும் நம் தலைக்குள் இரண்டு மொழியும் ஒரே பாத்திரத்தில்தானே கொதிக்கிறது? அவளைக் கட்டிக்கொண்டு, போகட்டும் விடு என்றுகூடச் சொன்னேன். சாயங்காலம் மணமேடையில் நின்று போட்டோவுக்குச் சிரிக்கும்போதுதான் அந்த நினைப்பு குத்தியது: நான் எழுத்துக்கூட்டி வாசித்த தாளில் ஸ்ரீ இருந்தது. வால் சுழித்த ஸ்ரீ.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன்.

"ஆமா மேடம், மொதல்ல ஒண்ணு குடுத்தாங்க. மறுநாள் வந்து, அதுல மிஸ்டேக் இருக்கு, இத போடுங்கன்னு வேற தாள் குடுத்தாங்க. பழசக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க." சற்று யோசித்து, "அப்பா தீந்துட்டாரான்னு நானே கேட்டேன். ஹௌது, ஆமான்னாங்க," என்றார்.

அக்கா வீட்டில் கதவு திறந்திருந்தது. விடைத்தாள் கட்டோடு அதே டைனிங் டேபிளில் இருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் என் முகத்தைப் படித்துவிட்டாள். அதில் அவளுக்கு எப்போதும் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

"ஏன்க்கா?"

"ஏன்னா? எனக்கு அந்த ஆளு செத்து முப்பத்தேழு வருஷம் ஆச்சு. உனக்குத்தான் திடீர்னு உயிரோட வந்துட்டாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?" சிவப்புப் பேனாவை மூடினாள். "நீதான பெரிய பிழை பாக்கறவ. அந்தப் புக்க எடு. எட்டுப் பக்கம் இருக்கு. ஆர்கன் வாசிச்சவன் பேரு இருக்கு. பூ தூவுன கொழந்த பேரு இருக்கு. என் பேரு எங்க இருக்கு, காட்டு."

கைப்பையில் ஒரு பிரதி இருந்தது. திறந்தேன். முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை போனேன், நன்றி என்று போட்ட இடத்துக்கு இரண்டுமுறை போனேன். இல்லை. அவளுக்கு நன்றி அச்சடிப்பதா, வீட்டில் யாராவது அப்படிச் செய்வார்களா, புத்தகம் மொத்தமும் அவள்தானே என்று எனக்குள் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.  என் தப்புதான். ஆனால் அதைச் சொல்லிச் சண்டை போடாமல், என் தலையைச் சீவிய கையாலேயே, நான் புகழ்ந்த எழுத்தாலேயே, என் கல்யாணத்தன்று ஒரு கிழவருக்கு அவர் சாவை வாசிக்கக் கொடுத்திருக்கிறாள். பாயில் என் எதிரே உட்கார்ந்து அதையே மடித்திருக்கிறாள், நூற்றைம்பது முறை. அதை என்னால் இன்றுவரை தாண்ட முடியவில்லை. இரண்டு தப்பும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவில்லை.

அப்பாவின் போன் அணைந்தே இருந்தது. கணவரை உட்காரவைத்து, கன்னடப் பக்கத்தை அவர் கையால் எழுதச் சொல்லி, ஸ்ரீ சரியாக இருக்கிறதா என்று நான்கு பேரிடம் காட்டி, ஒரே ஒரு பிரதி அச்சடித்தேன். எடுத்துக்கொண்டு நீலசந்திரா மாடிப்படி ஏறினேன்.

அவர் கதவைத் திறந்து, வா கண்ணு என்றார். டீ போட்டார். கோபம் தெரியவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"அந்தப் புக்குல ஒரு தப்பு ஆயிடுச்சுப்பா. இது சரியானது. அத குடுத்துடுங்க."

கல்யாணத்தன்று தூக்கிக்கொண்டு வந்த பிரதியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தார். ஆறாம் பக்கம் தானாகவே திறந்தது.

"இதுல என்ன தப்பு? அவ டீச்சர். தெரியாம எழுதுவாளா?" விரல் எழுத்துகளின் மேல் போயிற்று. "எவ்ளோ நீட்டா இருக்கு பாரு. ஒரு எழுத்து நடுங்கல. ஒண்ணாங்கிளாஸ்ல நான்தான் கையப் புடிச்சு எழுத வெச்சேன். ஸ்லேட்டு ஒடையற மாதிரி அழுத்துவா. என்ன திட்டறதா இருந்தாலும் என் பேர எழுதித்தான திட்டணும்? எழுதிட்டா."

"அப்பா, நீங்க செத்துட்டீங்கன்னு எழுதியிருக்கா."

"தெரியும் மா. நான் படிச்சேன்ல."

என் பிரதியை வாங்கிப் பார்த்தார். மாப்பிள்ளை நல்லா எழுதறாரு என்றார். பிறகு அதை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இத நீ வெச்சுக்கோ. உன் கல்யாணத்தோடது." மற்றதைத் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

மூன்று வருஷம் மாதாமாதம் மாடி ஏறியவள் நான். பெயர் போடுகிறேன் என்று சொன்னவள், போட்டவள், திருத்திக்கொண்டு வந்தவள் நான். அவர்கள் இருவரும் ஒரு தாளில் பேசி முடித்துவிட்டார்கள். அதற்குத் தாள் வாங்கிக் கொடுத்தவளாக நான் நின்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கியிருப்பேன். மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"கண்ணு, பெரியவ இன்னும் அதே ஸ்கூல்தானா? லீவு எப்போ விடுவாங்க?"

காதில் விழாதவள்போல் தெருவுக்கு இறங்கிவிட்டேன்.