ஜோடி இல்லாமல் ஏறிய ஆகும்பே

தனியாகப் போகிறேன் என்று சொன்னால், எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரோடு போகிறேன் என்பது இன்னும் முடிவாகவில்லை.

தசரா விடுமுறைக்கு நான் போட்டிருந்த திட்டம் எளிமையானது. பைக்கில் மங்களூர் போவது, அங்கிருந்து கடலோரமாகவே வடக்கே மரவந்தே வரை ஓட்டுவது, குந்தாபுரத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஆகும்பே காட்டு வழியாக மலையேறி வீடு திரும்புவது. பைக் என் சம்பளத்தில் வாங்கியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். காலேஜையும் முடித்தேன், பெங்களூரில் வேலையும் வாங்கினேன். அதற்கெல்லாம் யாரும் எனக்குத் துணை வரவில்லை. பரீட்சை ஹாலுக்குள் தனியாகத்தான் போனேன். ஒரு ரோட்டில் மட்டும் தனியாகப் போகக் கூடாதாம்.

"காட்டுலயா? தனியாவா?" என்றார் அப்பா. "நாங்களே ஜோடி இல்லாம லெவல்ல ஒரு அடி வெக்க மாட்டோம்."

அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தில் அது வழக்கம். பூமிக்குள் எந்த லெவலில் வேலை என்றாலும் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். ஷிப்டு முடிந்து மேலே வந்ததும், ஜோடி அதே கேஜில், அதாவது இரும்புக் கூண்டு லிப்டில், வராவிட்டால், அவன் வரும்வரை ஷாப்டுக் குழியின் வாசலிலேயே நிற்க வேண்டும். ஜோடியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவனோடு, தொழிலாளர் வீட்டு வரிசையான லைனில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நான் தொட்டிலில் கிடந்தபோதே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பா அதன்பின் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த வருஷங்கள்தான் அதிகம். ஆனாலும் அவர் மனசு இன்னும் கேஜிலிருந்து இறங்கவில்லை.

"அது சுரங்கம்பா. இது தார் ரோடு."

"ரெண்டுலயும் மேல வரணும் இல்ல?" என்றார்.

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மங்களூர் வரைக்கும் வந்த போன்களைக் கணக்கில் வைக்கவில்லை. கடலோரம் வந்த பிறகுதான் பொறுமை போனது. மரவந்தேயில் ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு. நடுவில் நாம் மட்டும் ஓடிக்கொண்டிருப்போம். இந்த இடத்துக்காகத்தான் மாதக்கணக்கில் ஆசைப்பட்டிருந்தேன். வெயில் சாய்ந்து, ஆற்றுப் பக்கம் தென்னைகள் கறுத்து, கடல் பக்கம் முழுவதும் வெள்ளித் தகடாக மின்னிய அந்த நேரத்தில், ஹெல்மெட்டுக்குள் போன் அடித்தது.

"சாப்ட்டியா?" அம்மா.

"அம்மா, கடல் பக்கத்துல இருக்கேன்."

"இன்னா கடலு? வீடியோல காட்டு. இங்க எல்லாரும் கேக்கறாங்க."

நிறுத்தினேன். போனைக் கடலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். எங்கள் ஸ்கெலட்டன் லைனே திரையில் கூடியிருந்தது. எதிர்வீட்டு அத்தை, "அலய காணோமே, இன்னும் கிட்ட போ" என்றாள். "கிட்ட போகாத, கிட்ட போகாத" என்று அம்மா அலறினாள். "ஆறு எங்கே?" என்றார் யாரோ. ஆற்றுப் பக்கம் திருப்பினேன். "தண்ணி நம்ம பேத்தமங்கலம் ஏரி மாதிரிதான் கீது" என்று தீர்ப்பு வந்தது. இதற்குள் சூரியன் போய்விட்டது. அது கடலில் இறங்கியதை நான் பார்க்கவில்லை. எங்கள் லைன் மொத்தமும் பார்த்திருக்கிறது.

போகட்டும், காடு இருக்கிறது, காட்டில் சிக்னல் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குந்தாபுரம் லாட்ஜில் தூங்கினேன். இந்தப் பயணத்தில் ஒரு துண்டாவது எனக்கே எனக்காக இருக்க வேண்டும் என்றால், அது இனி அந்த மலைதான்.

காலையில் லாட்ஜ் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதன்மேல் அறுபதைத் தாண்டிய ஒருவர். குரங்குக் குல்லாய், அதற்கு மேல் ஹெல்மெட், மடியில் டிபன் கேரியர். அப்பாவின் பழைய சுரங்க ஜோடி. சின்ன வயதிலிருந்து எனக்கு மாமா. இப்போது குந்தாபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அது ஞாபகம் வரும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

"பாப்பா, கெளம்பலாமா?" என்றார் மாமா. "நான் முன்னாடி போறேன், நீ பின்னாடியே வா. அவசரப்படாத."

கத்தலாம் போலிருந்தது. ஆனால் அவர் மகள் விடியற்காலையில் எழுந்து எனக்காகப் புளிசோறு கட்டிக் கொடுத்திருந்தாள். புளிசோற்றின் முன்னால் எப்படிக் கத்துவது?

சித்தாபுரா தாண்டி ஹெப்ரி வரை மரங்களுக்கு நடுவே அருமையான ரோடு. அதில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன். வளைவு இல்லாத இடத்தில், நான் வருகிறேனா என்று பார்க்க ஒரு ஹாரன். சைக்கிளில் போன ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். என் பைக் இரண்டாவது கியரில் முனகியது. நான் ஹெல்மெட்டுக்குள் முனகினேன். மாமாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் வந்த புகையைத் தவிர அந்தக் காட்டில் நான் எதையும் பார்க்கவில்லை.

சோமேஸ்வராவில், மலையடிவாரத்து டீக்கடையில் நிறுத்தினோம். மறுபடி கிளப்பியபோது ஸ்கூட்டர் கிளம்பவில்லை. மாமா உதைத்தார், சாய்த்தார், திட்டினார். அது அசையவில்லை. எனக்குள் எழுந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"சரி வுடு," என்றார். "வண்டி இங்கயே கிடக்கட்டும். உன் பின்னாடி ஒக்காந்துக்கறேன். மேல போயி பஸ்ல எறங்கி வந்துர்றேன்."

"பின்னாடி பை கட்டியிருக்கேன் மாமா."

"பைய மடில வெச்சிக்கறேன்."

"மாமா, நான் தனியா போகணும்னுதான் வீட்ட விட்டே வந்தேன். நீங்க பின்னாடி ஒக்காந்தா அதுக்கு பேரு தனியா இல்ல."

"ஒங்கப்பன் கேட்டா இன்னா சொல்லுவேன்? ஜோடிய அடிவாரத்துலயே வுட்டுட்டேன்னா?"

"உங்க ஜோடி அப்பா. நான் இல்ல."

டீக்கடைக்காரர் கன்னடத்தில் எனக்காகப் பரிந்து பேசினார். பெண் நன்றாகத்தான் ஓட்டுகிறாள், போகட்டும் விடுங்கள், தினமும் பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவர் ஸ்கூட்டியிலேயே ஏறிப் போகிறார் என்றார். மாமா அவரை முறைத்தார். ஸ்கூட்டரை முறைத்தார். கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

"போ. மேல போயி போன் பண்ணு. பண்ற வரைக்கும் எடத்த வுட்டு நகர மாட்டேன். ஆனா கூடவே வந்தேன்னுதான் அவங்கிட்ட சொல்லுவேன். நீயும் அப்படியே சொல்லு. மானத்த வாங்கிராத."

சரி என்றேன், டிபன் கேரியரை வாங்கி என் பையோடு கட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் எதற்கும் சரி என்றிருப்பேன்.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். முதல் மூன்றையும் காலை ஊன்றி ஊன்றித்தான் தாண்டினேன், சொல்வதில் வெட்கமில்லை. நாலாவதில் எதிரே வந்த மினி பஸ் ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. நான் பாறையோடு பாறையாக ஒட்டி நின்றேன். டிரைவர் கையைக் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கால் தரைக்கு வரவில்லை. வண்டியை எப்போது சாய்ப்பது, எப்போது ஆக்சிலேட்டரைத் திருகுவது என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது. பாறைச் சுவரில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு வளைவு தாண்டியதும் வெயில், அடுத்ததில் பனிமூட்டம், அதற்கடுத்ததில் ஒன்றும் தெரியாத வெள்ளை. பாதியில் ஒரு சின்னத் திட்டில் வண்டியை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினேன். பூச்சிகளின் இரைச்சல் மட்டும்தான். போன் செத்துக் கிடந்தது. சத்தமாக ஒரு பாட்டுப் பாடினேன், கேவலமாக. ஒரு குரங்கு மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனது. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்று புளிசோறு சாப்பிட்டேன். பிறந்ததிலிருந்து அதுவரை, நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்குமே தெரியாத ஒரு மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

உச்சிக்குப் போனதும் போன் உயிர்பெற்றுத் துள்ள ஆரம்பித்தது. மாமாவுக்குச் சொன்னேன். சற்று நேரத்தில் அப்பாவின் அழைப்பு: "மாமா கூடவே வந்தான் இல்ல? அதான பாத்தேன்."

ஆமாம் என்றேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து ராபர்ட்சன்பேட்டையில் என் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் மாமா என் எதிரே, அப்பாவுக்குப் பக்கத்தில். யாரோ ஆகும்பே பேச்சை எடுத்தார்கள். மாமா இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"நாலாவது வளைவு. எதிர்ல பஸ்ஸு. பாப்பா அழுதுருச்சி. நான் எறங்கி வந்து ஹேண்டில புடிச்சினு, மெதுவா வா கண்ணுன்னு சொல்லி, ஒவ்வொரு வளைவா ஏத்தி உட்டேன்."

பஸ் விஷயம் நான் போனில் சொன்னது. அழுகை அவர் சேர்த்தது. பந்தி முழுவதும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது. ஒரு சித்தி, "பாவம், பொம்பளப் புள்ள" என்றாள்.

அந்த இடத்தில் என் வாக்கு காற்றில் போனது.

"நான் அழல. மாமா மேல வரவே இல்ல. ஸ்கூட்டர் கெட்டுப்போயி கீழயே டீக்கடைல இருந்தாரு. பதினாலு வளைவும் நான் தனியாதான் ஏறுனேன்."

எல்லோரும் இப்போது கேட்கத்தான் வேண்டும் என்று காத்திருந்தேன். எப்படி ஏறினாய், பயமாக இல்லையா, மேலே என்ன தெரிந்தது? அப்பா மெதுவாகத் திரும்பினார். என் பக்கம் அல்ல.

"இன்னாடா," என்றார் மாமாவிடம். "டீ குடிச்சினு இருந்தியா?"

"மச்சான், வண்டி..."

"வண்டி நின்னா? உனக்கு காலு இல்லயா?"

"மேல போயி போன் பண்ற வரைக்கும் அங்கயேதான் இருந்தேன் மச்சான், சத்தியமா..."

"எங்கிட்ட கூடவே வந்தேன்னியே? ஜோடின்னா இன்னான்னு உனக்கு நான் சொல்லணுமா?"

பாயசம் வந்தது. இருவரும் வேண்டாம் என்றார்கள். பழைய ஷிப்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்த லெவலில் யார் யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது.

"அப்பா," என்றேன். "நான் தனியா போனேன். தனியா வந்துட்டேன். அதப் பாருங்க."

"அதான் தெரியுதே," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமலே. "அதுக்குதான் இவன கேக்கறேன்."

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.