மூணு கார்டு

சர்ச்சில் அவளை எல்லாரும் ‘மூணு கார்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிட்டாரில் கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டுகளில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எந்தப் பாட்டும் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். அடங்காத பாட்டை அவள் அடக்கிவிடுவாள்.

பல் செட் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தங்கச்சியையும் பக்கத்து வீட்டு நர்ஸையும் இழுத்துப்போட்டு வாலிபர் பாட்டுக் குழு ஆரம்பித்தாள். கிட்டார், யாரோ வீடு காலி பண்ணும்போது விட்டுப்போனது. அதைத் தோளில் மாட்ட வார் இல்லை. அப்பாவின் பழைய பெல்ட்டைக் கட்டினாள். கம்பி அறுத்த விரல்களோடு பல் அச்சுக்கான சூடான மெழுகைத் தொடும்போது உயிர் போகும். விடவில்லை.

ஆர்கன் வாசிப்பவர் சொந்தப் பெரியப்பா. “ஹோட்டல்ல வாசிக்கிற சாமானை ஆராதனைக்குள்ள கொண்டு வராதே” என்றார். கொண்டு வந்தாள்.

முதல் நாளே நடுப்பாட்டில் பெல்ட் அறுந்தது. கிட்டாரைப் பிடிக்கப்போய் முழங்காலில் விழுந்தாள். கை மட்டும் நிற்கவில்லை. பக்திப் பரவசம் என்று நினைத்து முன்வரிசை அத்தைமார் முட்டி போட்டார்கள். பார்த்த சபை முழுக்க முட்டி போட்டது. மூட்டுவலிக்காரப் போதகரும் முனகிக்கொண்டே இறங்கினார். கிட்டாரோடு எழுந்திருக்க வழி தெரியாமல் அவள் பல்லவியையே திரும்பத் திரும்பப் பாடினாள்.

வெளியே வந்ததும் பெரியப்பா குதித்தார். “இது பக்தியா, சர்க்கஸா?”

“உங்க ஆர்கனுக்கு யாராவது முட்டி போட்டிருக்காங்களா பெரியப்பா?”

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். கமிட்டி கூடியது. “கொஞ்ச நாள் ஆறப் போடும்மா” என்றார் போதகர்.

“ஆறிப்போனா யாருங்க ஐயா திரும்பச் சூடு பண்றது?”

அடுத்த ஞாயிறு மைக்கைப் பூட்டி வைத்துவிட்டார்கள். பெரியப்பா ஆர்கனில் கை வைத்ததும் கடைசி வரிசையிலிருந்து கிட்டார் எழுந்தது. இந்தத் தடவை கயிறு கட்டியிருந்தாள். அவர் சத்தத்தைக் கூட்டினார். அவள் ஒரு கம்பி தெறிக்கிற அளவுக்கு அடித்தாள். முன்பாதி சபை ஆர்கனோடும் பின்பாதி கிட்டாரோடும் பாடியது. பின்பாதி ஒரு சரணம் முன்னாலேயே முடித்து உட்கார்ந்துவிட்டது. திணறிப்போன போதகர் முன்னால் பார்த்து ஒரு ஆமென், பின்னால் பார்த்து ஒரு ஆமென் சொன்னார். முதலில் சிரித்ததும் அவர்தான்.

அன்றோடு தீர்ப்பாயிற்று: முதல் பாட்டு ஆர்கனுக்கு, கடைசிப் பாட்டு கிட்டாருக்கு.

இன்று அவளுக்கு முடி நரைத்துவிட்டது. குழுவின் பேர் இன்னும் வாலிபர் குழுதான். நாலாவது கார்டு கற்றுக்கொள்ளச் சொன்னால், “இருக்கிறதுக்கே இடம் பத்தல” என்பாள். பெரியப்பாவுக்கு இப்போது காது மிஷின். அவள் கிட்டாரை எடுத்தால், எல்லாரும் பார்க்கிற மாதிரி மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

போன ஞாயிறு அவள் மைக்கிலேயே கேட்டாள்: “கழட்டியாச்சா பெரியப்பா? ஆரம்பிக்கலாமா?”

“கழட்டினாலும் கேட்டுத் தொலைக்குதுடி!” என்றார் அவர், சபைக்கே கேட்கும்படி.

அவள் இன்னும் ஓங்கி அடித்தாள்.