தலைகீழாக நட்ட முருக்கங்கம்பு

கம்புக்குத் தலை எது, கால் எது என்று தெரியாத ஆண்பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. திருவட்டாறைச் சுற்றியுள்ள தோட்ட விளைகளில் வேலி என்றால் முருக்கங்கம்பு, வெளியூரில் கல்யாண முருங்கை என்பார்களே, அது. நல்லமிளகுக் கொடி பற்றி ஏறுவதும் முருக்கில்தான். மரச்சீனி என்கிற மரவள்ளியும் கம்பு வெட்டி நட்டு வருவதுதான். நடக்கப் பழகிய பிள்ளைகூடக் கம்பைக் கையில் கொடுத்தால் சரியான முனையை மண்ணுக்குள் செருகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் விஷயத்தில் பெரியவர்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாராவது சமாதானம் சொன்னால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது. தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைப்பார். அம்மாவுக்கு அந்தத் தேவையும் வந்ததில்லை. அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயதில் நான் பிறந்தேன். என்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அப்படி அக்காவின் இடுப்பில் இருந்து இறங்கித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

படிப்பு போக எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்கே ஒரு பூச்செடியைக் கண்டாலும் ஒரு கம்பு ஒடித்துக்கொண்டு வந்துவிடுவேன். புறவாசலில், கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் நடுவே இருந்த நிழலில், என் சிரட்டைகள் வரிசையாக இருக்கும். தண்ணீர் வடியக் கண் இருக்கும் தேங்காய்ச் சிரட்டையாகப் பார்த்து எடுத்து, ஆற்று மணலும் பழைய சாணிப்பொடியும் கலந்து நிரப்பி, செம்பருத்தி, ரோசா, பிச்சி என்று நட்டு வைப்பேன். முதலில் எல்லாமே செத்தன. வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டால் எது பிழைக்கும்? பிறகு பொறுக்கப் பழகினேன். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும், மேல் முனையில் பச்சைச் சாணி அப்ப வேண்டும், இலை வந்துவிட்டது என்று துள்ளக்கூடாது, உள்ளே இருக்கும் சாற்றில் இலை வரும், வேர் அதற்குப் பிறகுதான் என்பதெல்லாம் செத்த கம்புகள் எனக்குச் சொன்னவை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எனக்குக் கைராசி என்றார்கள். எனக்குக் கோபம் வரும். ராசி என்ன ராசி, நானல்லவா பார்த்துப் பார்த்து நட்டேன்?

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் கொட்டாரம் பக்கம். வயலும் கடையும் உள்ள வீடு என்று அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணப் பந்தலில் கட்டிய முருக்கங்கம்பை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய், பெண் வீடு புகுந்த அன்றைக்கே மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்த வீட்டுப் புறவாசலில் நட வேண்டும். கம்பு தளிர்த்தால் வந்தவள் வீட்டை விளங்க வைப்பாள். பட்டுப்போனால் வந்தவள் சரியில்லை. இப்படி ஒரு பெண்ணின் வாழ்க்கையை வேலிக்கம்பிடம் ஒப்படைத்துவிட்டு, எல்லாரும் சம்மணம் போட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அன்று நானும் பெண்வீட்டுக் கூட்டத்தோடு போயிருந்தேன். கம்பு நடுவதென்றால் முன்வரிசையில் நான் நிற்காமல் இருப்பேனா? பந்தலில் கட்டும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் மஞ்சள் துணியை வழுக்காமல் இருக்கட்டும் என்று தடித்த அடிமுனையில் முடிந்திருந்தார்கள். பூச்சரமும் அங்கேதான் சுற்றியிருந்தது. தாய்மாமன் பெரிய மீசைக்காரர். அவர் கம்பைப் பார்க்கவில்லை. துணியையும் பூவையும் பார்த்தார். அலங்காரம் இருக்கிற பக்கம்தான் தலை என்று நினைத்து அதை மேலே பிடித்து, மெல்லிய நுனியைக் குழிக்குள் இறக்கினார். இலை உதிர்ந்த தழும்பும் மொட்டும் தலைகீழாக நின்றன. பெண்கள் குரவை இட்டார்கள்.

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, கம்பு தலகீழா நிக்குது."

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. கையைக் கீழே விட்டு என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். மறுநாள் வரை அந்த இடம் கன்றிக் கிடந்தது. அவரும் பார்த்திருக்கிறார் என்பது அந்தக் கிள்ளிலேயே தெரிந்துவிட்டது. சுற்றி நின்ற மற்றவர்களின் முகத்தையும் பார்த்தேன். ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் தென்னை மரத்தில் காய் எண்ணுவதுபோல அண்ணாந்து நின்றார். மீசைக்காரர் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

ஊரெல்லாம் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூரில் இருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அப்பா ஒரு கூட்டத்தையும் விடமாட்டார். கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டி, சுக்குத்தண்ணீர் குடித்துக்கொண்டு கிடப்பார். அந்தத் தொண்டையில் இருந்து தான் பெற்ற மகளுக்காக இந்த ஒரு வாக்கியம் வெளியே வரவில்லை.

ஐப்பசி மழையில் ஊரில் உள்ள வேலிக்கம்பெல்லாம் தளிர்த்தது. அந்தக் கம்பு மட்டும் தோல் சுருங்கி, விரலால் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும்படி காய்ந்தது. கார்த்திகை பிறக்கும் முன்பே அத்தான் அக்காவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே, தன் அம்மா மனசு சமாதானம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள். வந்த முதல் சில நாட்கள் அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெல்ல எழுந்து, என்னோடு கிணற்றடிக்கு வந்தாள், என் சிலேட்டை எடுத்துப் பார்த்தாள். தன் பெயரை எழுதித் தரச் சொன்னாள். நான் வாத்தியார்போலக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். "அ" போடும்போது அவளுக்கு வால் மட்டும் எப்போதும் நீண்டுபோகும். நான் அதட்டினால் சிரிப்பாள்.

ஒருநாள் அடுக்களையில் அவள் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "அவரு அடிக்காரும்மா. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அடிக்காரு." அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. அடிக்காத ஆம்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டாள், வெளியே சொல்லி நடக்காதே என்றாள். எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நானும் அடி வாங்குகிறவள்தான். அடி என்றால் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, மணி அடித்ததும் வெளியே ஓடி வந்து மாங்காய் தின்பது என்றுதான் எனக்குத் தெரியும்.

அப்பா கொட்டாரத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் ஒருநாள் முகம் மலர்ந்து வந்தார். சம்பந்தி வீட்டார் இறங்கி வந்துவிட்டார்களாம். பெண் வீட்டிலிருந்தே வேறொரு முருக்கங்கம்பு கொண்டுவந்து நடட்டும், அது தளிர்த்தால் பெண் வரட்டும் என்று மாமியார்க்காரி சொல்லிவிட்டாளாம். அப்பா இதை ஏதோ வழக்கில் ஜெயித்தவர்போலச் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கம்பு தலகீழா நட்டதுன்னு சொல்லியிருந்தா போதும்லா. ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"ஏட்டி, பொண்ணு குடுத்தவன் வாயத் தொறக்கப்பிடாது" என்றார் அப்பா. அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே போய் வாயைத் திறப்பதற்கு.

அந்தக் கோபத்தில்தான் நான் வேலையில் இறங்கினேன். இந்த முறை மீசைக்காரர் கையில் வெறும் கம்பைக் கொடுப்பதாக இல்லை. வேரும் இலையுமாகக் கொடுப்போம், இலையைப் பார்த்த பிறகுமா ஒரு மனுஷன் அதை மண்ணுக்குள் புதைப்பான் என்று கணக்குப் போட்டேன். மிளகு விளையில் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு கிளையைப் பார்த்து அப்பாவை வெட்டித் தரச் சொன்னேன். அடியைச் சாய்வாகச் சீவி, வாய் உடைந்த மண்பானை ஒன்றில் மணலும் செம்மண்ணும் போட்டு நட்டேன். உச்சியில் சாணி அப்பினேன். தொழுவத்து ஓலை நிழலில் வைத்து, காலையும் மாலையும் நீர் தெளித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தைக்கூட இறக்காமல் அங்கேதான் ஓடுவேன்.

அக்கா கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்று நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு தண்ணீர் வேண்டாம், அழுகிவிடும் என்பாள். நான் அதட்டி அனுப்புவேன். கம்பைப் பற்றி எனக்கே சொல்ல வந்துவிட்டாளா? ஒருநாள் வந்து பார்த்தபோது பானை சரிந்து, கம்பு மண்ணோடு வெளியே கிடந்தது. பக்கத்து வீட்டு ஆடுதான் என்று முடிவு செய்து, அந்த வீட்டு வாசலில் போய் நின்று கத்திவிட்டு வந்தேன். கம்பைக் கழுவி, முனையைப் புதிதாகச் சீவித் திரும்ப நட்டேன். சுற்றி முள் வைத்தேன். அக்கா அன்று எழுத வரவில்லை. தலைவலி என்றாள்.

கம்பு பிழைத்தது. முதலில் மூன்று மூன்றாக இலைகள் விரிந்தன. நான் துள்ளவில்லை, காத்திருந்தேன். பானையின் விரிசல் வழியே வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்த அன்றுதான் வீட்டுக்குள் ஓடிப் போய்ச் சொன்னேன். அம்மா என் தலையில் கைவைத்துக் கண் கலங்கினாள். அப்பா சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பினார். தளிர்த்த கம்போடு பெண்ணையும் கொண்டுவரலாம் என்று பதில் வந்தது.

அந்த முருக்கு இன்றைக்கு அவர்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. மாசியில் இலை ஒன்றில்லாமல் சிவப்பாகப் பூக்கும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மாமியார்க்காரி அதைக் காட்டுவாள், தங்கள் குடும்பத்து வழக்கம் பொய்த்ததில்லை என்பாள். அக்கா அதன் அடியில் உட்கார்ந்து மீன் கழுவுகிறாள். அவளுக்கு முன்பல் ஒன்று இல்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்கிறாள். போன முறை போயிருந்தபோது அத்தானிடம் நேராகவே கேட்டேன், எந்தக் கிணறு என்று. அதற்குப் பிறகு என்னை அந்த வீட்டுக்கு அழைப்பதில்லை. படித்த திமிர் என்கிறார்கள். ஆமாம், படித்த திமிர்தான். ஒருத்திக்காவது அது இருக்கட்டும். அப்பாவும் படித்த திமிர் என்றுதான் சொல்கிறார். தாலுகாக்கள் சேர்ந்த அன்றைக்கு ஊருக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்த மனிதர்.

நான் நட்டதற்காக என் மேல் எனக்கு வருத்தமா என்று சிநேகிதி ஒருத்தி கேட்டாள். இல்லை. முதல் கம்பை நட்ட அன்று நின்ற கூட்டத்தில் மீசை வைத்த எத்தனையோ பேர் இருந்தார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் போய் எதற்குக் கணக்குக் கேட்க வேண்டும்?

ஆனால் அக்காவைத் திரும்பக் கொண்டுவிடப் போன அன்றைய காலைப்பொழுது மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. அப்பா வாடகைக்குக் கார் பேசப் போயிருந்தார். அக்கா தலை பின்னி, பூ வைத்து, துணி மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புறவாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பானையைச் சாக்கில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். இலைகளைக் கசங்காமல் ஒதுக்கி, விரிசலில் தெரிந்த வேரை அவளுக்கு விரலால் சுட்டிக் காட்டினேன். என்னைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

அக்கா வேரைப் பார்த்தாள். ஒரு இலையைத் தொட்டாள்.

"மக்கா, நீயாவது இதத் தலகீழா நட்டிருக்கப்பிடாதா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் பக்கத்தில் நின்று பார்த்தும் இவளுக்கு ஒன்றும் ஏறவில்லையே என்று இருந்தது. சிலேட்டை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் அதே குரலில், "தலகீழா நட்டா பட்டுப்போவும்லாக்கா" என்றேன்.

"ஆமா. பட்டுப்போவும்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. மழையிலும் வெயிலிலும் நின்று வளர்த்துக் கொடுத்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. கொட்டாரம் போய்ச் சேரும் வரை பானையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். வழியில் அவள் என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன்.