குடைக்கடையில் சிரிப்புச் சத்தம்

எங்கள் வீட்டில், குடைக்கடை வைத்திருந்த கொள்ளுத்தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் அவர் பல்வலிக்காரரைப் போல உட்கார்ந்திருப்பார். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம், "குடைத்தாத்தா பார்க்கிறார்" என்றால் போதும், தட்டு காலியாகிவிடும். சிரிப்பென்றால் என்னவென்றே அறியாத மனிதர் என்று இரண்டு தலைமுறையாக நம்பிக்கொண்டிருந்தோம்.

குடும்ப வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று நானும் அத்தையும் நகரசபையின் பழைய ஆவண அறைக்குப் போனோம். குடைக்கடை உரிமத்தைத் தேடி எடுத்தால், அதோடு ஒரு புகார் மனுவும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். மேற்படி கடையிலிருந்து ஓயாமல் வரும் சிரிப்புச் சத்தத்தால் தன் தொழில் கெடுகிறது, ஆகவே கடையின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்று பக்கத்துக் கடைக்காரர் எழுதியிருந்தார்.

"இது வேற யாரோ குடைக்காரர்டா" என்றாள் அத்தை. "எங்க தாத்தாவுக்கும் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

முகவரி கொள்ளுத்தாத்தாவுடையதுதான். அந்தக் கோப்பில் இருந்த காகிதங்களையும், யாரோ ஒரு குடைக்காரர் கதையென்று அத்தை தன் அம்மா வாயால் துண்டு துண்டாகக் கேட்டு வைத்திருந்ததையும் ஒட்டிப் பார்த்தபோது, முழுக் கதையும் வெளியே வந்தது.

குடை ரிப்பேருக்கு வருகிறவர்களைக் கடையிலேயே உட்காரவைத்து, கையோடு சரிசெய்து கொடுப்பது அவர் வழக்கம். கை கம்பியை நிமிர்த்தும், வாய் சும்மா இருக்காது. ஓட்டைக் குடையைக் கொண்டுவந்தவரிடம், "நட்சத்திரம் பாக்க இதைவிட வசதி வருமா? இதைப் போய் அடைக்கச் சொல்றீங்களே" என்பார். குடை வாங்க வந்த தம்பதியிடம், "சண்டையா இருந்தா பெருசு எடுங்க. சமாதானம்னா சின்னதே போதும்" என்பார். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார்கள். மழையே இல்லாத மாதங்களிலும் கடை நிறைந்திருந்தது. இவர் பேச்சைக் கேட்பதற்காகவே நல்ல குடையின் கம்பியை வீட்டில் வளைத்து எடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அது அவருக்கும் தெரியும். அப்படி வந்த குடைக்குக் கூலி வாங்க மாட்டார்.

பக்கத்தில் பத்திர எழுத்தரின் அறை. நடுவில் மெல்லிய சுவர். தெருவே 'மைக்கூடு' என்று அழைத்த அந்த மனிதர் கடுகடுப்பானவர், ஆனால் நியாயஸ்தர். ஒரு நாள் அவர் வீட்டு விற்பனைப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் மாமியார் கதை ஒன்று ஓடியது. கேளாதவர் போல எழுதி முடித்தார். வீட்டை வாங்குகிறவர் படித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மேற்கே தெரு, கிழக்கே மாமியார்னு எழுதியிருக்கீங்களே. நான் எப்படிங்க அங்க குடி போறது?"

முத்திரைத்தாள் பாழ். அன்று சாயங்காலமே மனு போய்விட்டது.

கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது நான்கு பிள்ளைகள், ஐந்தாவது பிள்ளை மனைவியின் வயிற்றில். உரிமம் போனால் குடும்பம் நடுத்தெருவில்தான். "கொஞ்ச நாளைக்கு வாயை மூடிட்டு இருங்க. பிள்ளைங்க முகத்தைப் பாருங்க" என்று மனைவி கண் கலங்கினாள். அவர் தலையாட்டினார். மறுநாள் முதல் கடையில் கம்பி முறுக்கும் சத்தம் மட்டுமே கேட்டது. விசாரணைக்காக நகரசபை அவரிடம் ஒரு புகைப்படம் கேட்டது. அதன் இன்னொரு பிரதிதான் எங்கள் கூடத்தில் தொங்குகிறது! வாழ்நாளில் அவர் சிரிக்காமல் இருந்த நாட்களில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு நாங்கள் அவர் குணத்தையே எடை போட்டிருக்கிறோம்.

நகரசபை ஆய்வாளர் நேரில் வரும் நாளும் வந்தது. குடைக்காரரைக் கைவிடக்கூடாது என்று வாடிக்கையாளர்கள் கடைக்குள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு உடைந்த குடை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொள்ளுத்தாத்தா ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு சிரிப்பு கேட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

ஆய்வாளர் பத்திர எழுத்தரைக் கூட்டிக்கொண்டு நுழைந்தார். முதல் ஆளிடம், குடை எப்படி உடைந்தது என்று கேட்டார்.

"காத்துல, ஐயா."

"இந்த வெயில்ல ஏதுய்யா காத்து?"

"போன வருஷக் காத்துங்க."

யாரும் சிரிக்கவில்லை. எத்தனை பேர் நாக்கைக் கடித்துக்கொண்டார்களோ! ஆய்வாளர் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே கடைசி நாற்காலிக்கு வந்தார். அங்கே ஓர் அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்திர எழுத்தர் உற்றுப் பார்த்தார். அவருடைய மனைவி!

"நீ எங்கடி இங்க?"

"குடை உடைஞ்சிருச்சு."

"காலைல நல்லாத்தானே இருந்துச்சு?"

அந்த அம்மாள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நீங்க கிளம்பினப்புறம்தான் உடைச்சேன்."

பத்திர எழுத்தரின் உதடு துடித்தது. தோள் குலுங்கியது. ஊரே கேட்கும்படி அப்படி ஒரு சிரிப்பு அவரிடமிருந்து வெடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது போலும். கொள்ளுத்தாத்தா மட்டும் கம்பியைக் கடித்தபடி அசையாமல் நின்றாராம்.

ஆய்வாளரின் அறிக்கையை அத்தை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். 'நேரில் விசாரித்ததில் குடைக்கடைக்காரரோ வாடிக்கையாளரோ சிரிக்கக் காணோம். சிரித்தவர் மனுதாரர் ஒருவரே. மனு தள்ளுபடி.'

அதற்கடுத்த காகிதம் இரண்டு கடைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட விண்ணப்பம். நடுச்சுவரில் ஒரு சன்னல் வைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். காரணம், காற்றோட்டம். அனுமதியும் கிடைத்திருக்கிறது.

பல வருடங்கள் கழித்து அந்தச் சன்னலில்தான் பத்திர எழுத்தர் தலையை நீட்டி, தன் கடைசிப் பெண்ணைக் குடைக்காரரின் கடைசிப் பையனுக்குக் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாராம்.

"சுவர்ல பாதியை எப்பவோ குடுத்துட்டீங்க, சம்பந்தி. பொண்ணையும் குடுத்துருங்க" என்றாராம் கொள்ளுத்தாத்தா.

அந்தப் பெண்ணும் பையனும்தான் அத்தையின் அம்மாவும் அப்பாவும்.