பூணுக்கு அடியில் ஓர் அங்குலம்

கோயம்புத்தூரில் காலையில் ஏறிய பேருந்து திம்பம் மலையேறி, சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாக மைசூருக்கு வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். பழைய மர ஆயுதங்களைப் பார்த்து வயது சொல்வது என் வேலை. பெரும்பாலும் நான் சொல்வது கெட்ட செய்தி என்பதால் போகிற வீட்டில் சாப்பிடுவதில்லை.

ஆட்டோ பிடித்து விஜயநகரில் ராஜம்மாள் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் நஞ்சன்கூடு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். போன வருடம் காலமானார். சிவகங்கைப் பக்கமிருந்து அவர் கொண்டுவந்த வளரி மேசைமேல் இருந்தது. பிறை போல வளைந்த, எறிந்து தாக்கும் மர ஆயுதம். பாட்டனார் காலத்தது என்று கடைசிவரை சொன்னாராம். மகன் குமார் நம்பவில்லை. பொய் என்று அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

“சும்னே கதை சார். இங்க தேவராஜ மார்க்கெட் பக்கம் எங்கயோ வாங்கிருக்காரு,” என்றார் குமார், கன்னடம் கலந்த தமிழில்.

“நெசம்னு இவன் வாயால சொன்னாப் போதும் தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்,” என்றார் ராஜம்மாள்.

வளரியைக் கையில் எடுத்தேன். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. தொழிற்சாலையில் இயந்திரங்களைத் துடைப்பதுபோல, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்திருக்கிறார் மனிதர். பக்தியோடு செய்ததுதான். ஆனால் மரத்தின் வயது அதன் மேல்தோலில்தான் இருக்கிறது. கைபட்ட மழுக்கம், செதுக்கலில் படிந்த அழுக்கு எல்லாம் போய்விட்டன. எதுவும் சொல்ல முடியாது என்றேன். குமார் அம்மாவின் பக்கம் திரும்பவேயில்லை.

பிறகுதான் கைப்பிடியைச் சுற்றி வளையமாக இறுக்கியிருந்த பித்தளைப் பூண் கண்ணில் பட்டது. எப்போது போட்டது என்று கேட்டேன்.

“அங்க வெடிப்பு விட்டிருந்துச்சு. நான் கல்யாணமாகி வந்த வருஷம் அவரே லேத்துல கடைஞ்சு போட்டாரு. உப்புத்தாளெல்லாம் அதுக்குப் பொறவுதான்.”

அப்படியானால் பூணுக்கு அடியில் உப்புத்தாள் போயிருக்காது. கழற்றட்டுமா என்றேன். ராஜம்மாள் சற்றுத் தயங்கித் தலையசைத்தார். ஹேர் டிரையரால் சூடுகாட்டி மெல்ல உருவினேன். ஓர் அங்குல அகலத்துக்குக் கறுத்த மரம். கொடிச் செதுக்கலின் ஓரங்கள் பல கைகள் பிடித்து மழுங்கியிருந்தன. சாயம் பூசியிருந்தால் மேலோடு நின்றுவிடும். இங்கே கறுப்பு மரத்துக்குள் ஊறியிருந்தது.

“நூறு வருஷத்துக்குக் குறையாது,” என்றேன்.

குமார் வெகுநேரம் அதைத் தடவிப் பார்த்தார். “நெசந்தாம்மா. நான் அவ்வளவு பேசினப்போ அப்பா இதைக் கழட்டிக் காட்டிருக்கலாமே?”

“நானும் அதத்தான்டா கேட்டேன். கழட்டினா வெடிப்பு விரிஞ்சிரும்னாரு.”

விரிந்துதான் இருந்தது, ஒரு மயிரிழை. குமார் இரண்டு கையாலும் மரத்தைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் பூணைத் திரும்ப ஏற்றினேன். அன்று அந்த வீட்டில் சாப்பிட்டேன்.

என் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியிலும் வளரிகள் இருக்கின்றன, மேல்தோல் துளியும் கெடாதவை. அவற்றில் ஒன்றையாவது யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.