உப்புக்கு மேலே நிற்கும் தண்ணீர்

ஹாஜறா டீச்சரைப் பற்றி எழுத நான் பொருத்தமான ஆளில்லை. அவர் விஞ்ஞானம் படிப்பித்தவர், நான் தமிழ். பதினொரு வருடம் ஒரே பாடசாலையில் இருந்தும், கன்ரீன் தேநீரை மனிதன் குடிக்க ஏலாது என்ற ஒரு விடயத்தில் மட்டுமே இருவரும் ஒத்துப்போனோம். ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: “மசூர் சேர், பனித்துளி முத்துப் போல இரிக்கெண்டு புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க. அந்தத் துளி எங்கிருந்து வந்ததெண்டு சொன்னீங்களா?” எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். பனித்துளி எங்கிருந்து வருகிறதென்று எனக்கும் தெரியாது.

பிறகு, 2004 மார்கழிக் கடைசியில், கடல் ஊருக்குள் வந்தது. கல்முனைக் கரையோரத்தில் இருந்த எங்கள் பாடசாலையில் இரண்டு சுவர்கள் மிஞ்சின. 2005 தை மாதக் கடைசியில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த வளவில் கூடாரம் அடித்து வகுப்புத் தொடங்கினோம். ஒரு கூடாரத்துக்குள் அவருடைய ஏழாம் வகுப்பு, என்னுடைய எட்டாம் வகுப்பு. நடுவில் மறைப்புச் சீலையாக ஒரு தறப்பாள். நான் இந்தப் பக்கம் புணர்ச்சி விதி சொல்லிக்கொண்டிருப்பேன், என் பிள்ளைகளின் காது முழுக்க அந்தப் பக்கம் இருக்கும். ஏசிப் பார்த்தேன். சரிவரவில்லை. கொஞ்ச நாளில் என் காதும் அங்கேதான் இருந்தது.

ஆய்வுகூடத்தில் ஒரு சோதனைக் குழாய்கூட மிஞ்சவில்லை. டீச்சர் தன் குசினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜாம் போத்தல், கரண்டி, மெழுகுதிரி, சிரட்டை. முதல் நாள் தண்ணீரில் உப்பைக் கரைத்து, “உப்பு எங்க?” என்று கேட்டார். “இல்லாமப் போயிட்டு” என்றார்கள். கரைசலை ஒரு பீங்கானில் ஊற்றி வெயிலில் வைத்தார். அடுத்த நாள் பீங்கானில் வெள்ளை வெள்ளையாகக் கல் பூத்திருந்தது. “போனது திரும்பி வந்திட்டு!” என்று ஒரு பிள்ளை கத்தியது. என் வகுப்பு மொத்தமும் தறப்பாளுக்குக் கீழால் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. நானும் போனேன், ஆனால் மரியாதையாகச் சுற்றி நடந்து போனேன்.

உப்புக் கரைந்தது பௌதிக மாற்றம், பொருள் மாறவில்லை. அடுத்தது இரசாயன மாற்றம். கரண்டியில் சீனியைப் போட்டு மெழுகுதிரிக்கு மேல் பிடித்தார். சீனி உருகியது, மண்ணிறமானது, புகைந்து கரியானது.

“இத இனிச் சீனியாக்க ஏலாதா டீச்சர்?”

“ஏலா மகன். இது வேற பொருளா மாறிட்டு. நாம என்ன செஞ்சாலும் திரும்பி வரா.”

கூடாரத்தில் இருந்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளில், கடல் கொண்டுபோய் வீட்டில் ஒரு மவுத்தாவது விழாத பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த மனுசிக்கு இந்தப் பாடத்தை ஒரு வருடம் கழித்துப் படிப்பித்தால் என்ன என்று ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் கமீலா எழும்பினாள். “டீச்சர், எங்கட கெணறு எந்த மாத்தம்? பௌதிகமா, இரசாயனமா?”

கமீலாவுக்குப் பன்னிரண்டு வயது. உம்மா, வாப்பா, இரண்டு தம்பிமார், வீடு எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. அன்று அவள் கடலுக்குத் தள்ளி உள்பக்கத்தில் இருக்கும் மாமா றவூபின் வீட்டில் நின்றதால் தப்பினாள். எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் பெண்பிள்ளைக்குத்தான். உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். ஆகவே அவளுடைய உம்மா சல்மாவின் வளவு இப்போது கமீலாவினுடையது. அந்த வளவில் நிமிர்ந்து நின்றது கிணறு ஒன்றுதான், அதற்குள்ளும் கடல் புகுந்திருந்தது. வீடு கட்டித் தர வந்த ஒரு நிறுவனம், தண்ணீர் சரியான வளவில்தான் கட்டுவோம் என்று சொல்லிவிட்டது. தண்ணீர் சரியில்லாவிட்டால் கிணற்றை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே வயல்பக்கம் ஒரு குடியேற்றத்தில் வீடு தருவார்கள். கிணறு போனால் வளவு போகும்.

டீச்சர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “பௌதிக மாத்தம்தான் மகள். உப்பும் தண்ணியும் கலந்திரிக்கி, அவ்வளவுதான். பிரிக்கலாம். உப்புத் தண்ணிய முழுக்க இறைச்சிட்டா, ஊத்தில நல்ல தண்ணி வரும்.”

அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்த்தேன். கடல் வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

சொன்னது டீச்சர், அதுவும் விஞ்ஞான டீச்சர். அதோடு கிணறு என்றால் எங்கள் ஆட்களுக்கு இறைக்கத்தான் தெரியும். பூனை விழுந்தாலும் இறைப்போம், கோழி விழுந்தாலும் இறைப்போம். றவூப் வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிறவர். வயலுக்குத் தண்ணீர் அடிக்கும் பெரிய மெசினை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மருமகளின் கிணற்றை அடிமண் தெரிய இறைத்தார். அந்த ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், இருந்த மற்றப் பதினொரு கிணறுகளும் அதே மெசினால் இறைபட்டன. தண்ணீர் ஊறும், இறைப்பார்கள். மறுபடி ஊறும், மறுபடி இறைப்பார்கள். ஹாஜறா டீச்சர் பின்னேரங்களில் போய், தன் பங்குக்கு வாளியும் பிடித்தார்.

பங்குனியில் நிறுவனத்தின் அதிகாரி உப்பை அளக்கும் மீற்றரைக் கிணற்றில் விட்டுப் பார்த்தபோது இலக்கம் மூவாயிரத்தைத் தாண்டியது. ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே வரவேண்டும். இன்னும் இறையுங்கள் என்றார் டீச்சர். சித்திரையில் பார்த்தால் ஐயாயிரம். எட்டுத் தரம் இறைத்த கிணறு, இறைக்காத காலத்தைவிட உப்பாக இருந்தது.

டீச்சர் இளைத்துப்போனார். தமிழில் உப்பைப் பற்றிப் பழமொழிக்குக் குறைவில்லை. நான் ஒன்றிரண்டைச் சொல்லிப் பகிடி விட்டுப் பார்த்தேன். அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. ஏசாததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அதிகாரி வைகாசி முடியும்வரை தவணை தந்திருந்தார். “கடைசியா ஒருக்கா இறைச்சிப் பார்ப்பம். இல்லாட்டி மூடிருவம். கடல் ஒருக்கா வந்தது போதும், புள்ள உள்ளுக்கு வந்து இரிக்கட்டும்” என்றார் றவூப். அவரைக் குறை சொல்ல முடியாது. தங்கச்சியின் குடும்பத்தைக் கையால் தேடி எடுத்து அடக்கியவர் அவர்.

அந்தக் கடைசி இறைப்பு நடந்த நாள் காலையில் டீச்சர் கலவைப் பாடத்தை மறுபடி எடுத்தார். கலக்கினால்தான் சீக்கிரம் கலக்கும் என்று காட்டுவதற்காக, போத்தலில் பாதிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றி, கேக்குக்குப் போடும் சிவப்பு நிறத்தை அதில் விட்டார். அதற்கு மேல் நல்ல தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகில் மெல்ல மெல்ல வழியவிட்டார். கீழே சிவப்பு, மேலே கண்ணாடி போலத் தண்ணீர், நடுவே பிரித்துவைத்தது போல ஒரு கோடு.

“கலக்கவே இல்ல டீச்சர்!”

“உப்புத் தண்ணி பாரம். அதான் கீழ நிக்கிது. நல்ல தண்ணி அதுக்கு மேல மிதக்கும். கமீலா, இங்க வா மகள். இந்தப் பேனைக் குழாயால மேல இரிக்கிற நல்ல தண்ணிய மட்டும் உறிஞ்சிப் பாரு.”

கமீலா குழாயை வைத்துப் பலமாக இழுத்தாள். அசையாமல் கிடந்த சிவப்பு, குழாயின் நுனியை நோக்கி ஒரு குன்று போல எழும்பியது. அவள் முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

“உப்பு, டீச்சர்.”

டீச்சர் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். சாதாரண ஜாம் போத்தல். அதற்குள் அந்த ஒழுங்கையின் பன்னிரண்டு கிணறுகளும், அவற்றுக்குக் கீழே கிடந்த நிலமும் இருந்தன. நாங்கள் அறியாமல் ஆயுள் முழுக்க நடந்து திரிந்த நிலம் அது. எங்கள் காலுக்கடியில் எப்போதுமே உப்புத்தான். அதற்கு மேலே மழை தந்த தண்ணீர் மெல்லிசாக, கலக்காமல், பொறுமையாக நின்றிருக்கிறது. அதைத்தான் நாங்கள் குடித்து வளர்ந்தோம். சுப்ஹானல்லாஹ் என்று என்னை அறியாமல் வாய் சொன்னது.

“நான்தான் உன்ட கெணத்தக் கெடுத்திரிக்கன் மகள்” என்றார் டீச்சர். பிறகு, “மசூர் சேர், இந்த வகுப்பையும் பார்த்துக்கொள்ளுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு வகுப்பையும் விட்டுவிட்டு நானும் ஓடினேன். இதற்காக அதிபரிடம் பிறகு வாங்கிக் கட்டியது வேறு கதை.

கிணற்றடியில் மெசின் அலறிக்கொண்டிருந்தது. றவூபும் ஏழெட்டு ஆண்களும் நின்றார்கள். “நிப்பாட்டுங்க றவூப் காக்கா!” என்று கத்தினார் டீச்சர். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவரே போய் மெசினை நிறுத்தினார்.

“என்ன டீச்சர் இது?”

“இனி இறைக்கக் கூடா. நாம இறைக்கிற வேகத்துக்குக் கீழ கிடக்கிற உப்பு மேல ஏறுது. மாரி மழ வரட்டும். மழத்தண்ணி மேல நிண்டு, உப்ப மெல்லக் கீழ தள்ளும். அதுவரைக்கும் இந்தக் கெணத்தில ஆரும் கை வைக்காதீங்க.”

றவூப் சிவந்துபோனார். “நாலு மாசமா எங்கள இறைக்கச் சொன்னது ஆரு? நீங்கதானே?”

“ஓம். நான்தான் சொன்னன். பிழையாச் சொல்லிட்டன்.”

எங்கள் ஊரில் ஆசிரியர் பிழைவிட்டால் கரும்பலகையைக் குற்றம் சொல்வோம், பாடப் புத்தகத்தைக் குற்றம் சொல்வோம். நான் முப்பது வருடத்தில் ஒருமுறையேனும் பிள்ளைகளிடம் எனக்குப் பிழைத்துவிட்டது என்று சொன்னதில்லை. இந்த மனுசி வெயிலில், அறுந்த செருப்போடு, இத்தனை ஆண்களுக்கு முன்னால் நின்று அதைச் சொன்னார். அதோடும் விடவில்லை. மற்றப் பதினொரு வாசலுக்கும் போய் அதே சொல்லைச் சொன்னார். ஒரு வீட்டில் முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ‘படிச்ச டீச்சர் ஒழுங்கையையே உப்பாக்கிட்டா’ என்று சந்தையில் மீன் வாங்கும்போதும் கதைத்தார்கள். அவர் கேட்டுக்கொண்டு மீனை வாங்கினார்.

றவூப் மூன்று நாள் கழித்துப் பாடசாலைக்கு வந்தார். “அந்தப் போத்தல ஒருக்காக் காட்டுங்க டீச்சர்” என்றார். டீச்சர் மறுபடி செய்துகாட்டினார். வயல்காரனுக்குத் தண்ணீரைத் தெரியும். றவூப் நெடுநேரம் குந்தியிருந்து அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு டீச்சரோடு அதிகாரியிடம் போய், மாரி முடியும்வரை தவணை கேட்டு வாங்கினார்.

அந்த வருடம் மழைக்காக நான் கையேந்தித் துஆக் கேட்டதுபோல் வாழ்க்கையில் எதற்கும் கேட்டதில்லை. ஐப்பசிக் கடைசியில் வாடை திரும்பியது. கார்த்திகை முழுக்கக் கொட்டியது. கூடாரம் ஒழுகியது, புத்தகங்கள் நனைந்தன, பிள்ளைகள் தும்மினார்கள். டீச்சர் மட்டும் நனைந்த புடவையோடு வானத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கிணற்றில் ஒருவரும் வாளி போடவில்லை.

2006 தை மாதம் அதிகாரி வந்தார். ஒழுங்கையே கூடி நின்றது. மீற்றரைத் தண்ணீரில் மெல்ல விட்டார். தொள்ளாயிரத்து நாற்பது. நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி விட்டார். அதே தொள்ளாயிரத்து நாற்பது. டீச்சர், “இன்னும் கீழ விடுங்க” என்றார். வயர் இறங்க இறங்க இலக்கம் ஏறியது. அடிமண்ணுக்குக் கிட்ட நாலாயிரம். உப்பு எங்கும் போகவில்லை. அது அங்கேயே கிடந்தது. அதன் தலைக்கு மேலே இரண்டு முழம் நல்ல தண்ணீர் நின்றது. டீச்சர் வாளிக் கயிற்றை அளந்து, ஆழத்துக்கு எட்டாதபடி வெட்டச் சொன்னார். றவூப் வெட்டினார். நான் ஒரு மிடறு குடித்தேன். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தமிழ் வாத்தியாருக்கும் சொல் முட்டுப்படுகிற இடம் இருக்கிறது.

அதிகாரி படிவத்தை எடுத்தார். “வளவுக்காரர் ஆரு?”

றவூப் மருமகளின் தோளில் கை வைத்து முன்னால் விட்டார். “இவதான்.”

கமீலா கிணற்றுக் கட்டின் மேல் படிவத்தை வைத்துத் தன் பெயரை எழுதினாள். பேனை அதற்கடுத்து நின்றது. “உம்மாட பேரையும் எழுதவா?” என்று கேட்டாள்.

“அது தேவையில்ல தங்கச்சி, இரிக்கிற ஆக்கள்ற பேர் மட்டும் போதும்” என்றார் அதிகாரி.

“எழுது மகள்” என்றார் றவூப். “அவட வளவு.”