வாயால் சொன்ன புகார்

முதலில் வந்தது ஒரு ருசி. காலையில் பசியாற உட்கார்ந்தால், நாக்கில் யாரோ பழைய சாவியை வைத்துவிட்டுப் போனது போல் இருக்கும். ரொட்டியிலும் சாவி, தேநீரிலும் சாவி.

பிறகு அடிவயிறு முறுக்கியது. எங்கள் ஊர் பண்டமாரான் கிளினிக்கில் 'காஸ்ட்ரிக்' என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் அதை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒருநாள் தலை சீவக் கையைத் தூக்கினேன். வலது மணிக்கட்டு தொங்கியது. சீப்பு கீழே விழுந்தது.

என் வேலை தெலுக் பங்லிமா காராங்கில் கார் பேட்டரி செய்யும் ஒரு தொழிற்சாலையில். ஈயத் தகடுகளை அடுக்குவேன். தூளை உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றாடி மாதக்கணக்கில் நின்றிருந்தது. முகமூடி தீர்ந்துபோய், துண்டைக் கட்டிக்கொண்டோம்.

சொல்லாமல் இல்லை. சூப்பர்வைசர் மணியம் அண்ணனும் நானும் பந்திங் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். குறை என்றால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் வாயால் சொல்வதுதான் தோட்டத்து வழக்கம். தாளில் எழுதினால் அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். தோட்டத்தை விட்டு வந்தோம், அந்த வழக்கத்தை விடவில்லை.

"அண்ணே, காத்தாடி ஓடல. மூக்க சிந்துனா கறுப்பா வருது."

"மேல சொல்லியிருக்கேன் லா. இங்க உனக்கு மட்டுந்தான் மூக்கு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்படி நான்கு முறை. ஐந்தாவது முறை, சுற்றிப் பார்க்க வந்த மேனேஜரிடமே சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்கு அடுத்த வாரம்தான் மணிக்கட்டு விழுந்தது.

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். ஈய நச்சேற்றம் (மூச்சோடும் சோற்றோடும் உள்ளே போன ஈயம் இரத்தத்தில் ஏறி நரம்பைத் தளர்த்துவது) என்றார் டாக்டரம்மா. அவர் பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். கேள்வி கேட்டுக்கொண்டே எழுதினார், எழுதிக்கொண்டே கேட்டார். கொடுக்கிணைப்புச் சிகிச்சை (ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும் மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவது) தொடங்கியது.

ஐந்தாம் நாள், துறைமுகத்தில் லோரி ஓட்டும் என் கணவர் சட்டைப்பையில் ஒரு கடிதத்தோடு வந்தார். வேலையில் திறமை போதவில்லை, நீக்கிவிட்டோம் என்றிருந்தது. மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

என் பக்கத்து மேசையில் தகடு அடுக்கும் லெட்சுமி பார்க்க வந்தவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, புதுச் சட்டம் வந்திருக்காம். பாதுகாப்பு சரியில்லன்னு சொன்னதுக்காக ஆளத் தூக்கக் கூடாதாம். ஆனா வேல போன அறுவது நாளுக்குள்ள மனு குடுக்கணும், அதுக்கு மேல போனா செல்லாது."

அறுபது நாள். ஐந்து நாள் மருந்து, பிறகு ஓய்வு, மறுபடி மருந்து. உடம்புக்கு ஒரு நாள்காட்டி, சட்டத்துக்கு ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்கவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் தொழிலுறவு அலுவலகத்துக்குப் போனேன்.

"எழுதிக் குடுத்தீங்களா? காப்பி இருக்கா?" என்றார் அதிகாரி.

"வாயாலதான் சொன்னேன், சார்."

"யாரு சாட்சி?"

மணியம் அண்ணன் பெயரைச் சொன்னேன். அவரோ, தன்னிடம் நான் எதுவும் சொல்லவேயில்லை என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூன்று பேர் அவருக்கு. அன்று சிரித்தவர்களும் வேலைக்குப் பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள். என் கணவர் கொதித்தார்: "அவனும் அதே காத்ததானே குடிக்கிறான்!"

சோர்ந்துபோய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் என் கோப்பைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினார். காற்றாடி ஓடவில்லை, சூப்பர்வைசரிடம் நான்கு முறை, மேனேஜரிடம் ஒரு முறை சொன்னதாக நோயாளி கூறுகிறார். கீழே தேதி. வேலைநீக்கக் கடிதத்தின் தேதி அதற்கு இரண்டு நாள் பின்னால்.

"இதுவும் உங்கட வாய்ச்சொல்லுதான், அம்மா. ஆனா வேலைய விட்டு எடுக்க முந்தியே சொன்னது. இது தொழிலால வந்த நோய்ன்னு நானும் அரசாங்கத்துக்கு அறிவிக்கணும்."

நகலோடு ஐம்பத்திரண்டாம் நாள் மனு கொடுத்தேன். பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஈயம் இல்லாத ஸ்டோரில் வேலை தந்தார்கள். காற்றாடி ஓடியது. வரிசையில் எல்லோருக்கும் இரத்தம் எடுத்தார்கள். மணியம் அண்ணனுக்கு என்னைவிட ஈயம் அதிகம்.

ஆஸ்பத்திரி நடையில் பார்த்தபோது, "நீ எழுதிக் குடுத்திருக்கலாமே, தங்கச்சி" என்றார்.

"சொன்னப்பவே நீங்க கேட்டிருக்கலாமே, அண்ணே."

அவருக்குப் பக்கத்தில் இடமிருந்தது. உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு நாக்கில் அந்த ருசி இருந்தால், இன்றே எழுதிக் கொடுங்கள், ஒரு நகலை வீட்டில் வையுங்கள். டாக்டரிடம் வயிற்றை மட்டும் சொல்லாதீர்கள், வேலையையும் சொல்லுங்கள்.

மணிக்கட்டு முக்கால்வாசி திரும்பிவிட்டது. இரத்தத்தில் இருப்பது இறங்கிவிடும், எலும்புக்குப் போனது பல வருடம் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும் என்றிருக்கிறார் டாக்டரம்மா. மாலையில் ஆலைச் சங்கு ஊதுகிறது, பஸ் ஏறுகிறேன். அந்தக் காற்றாடி நின்றிருந்த மாதங்களும் என் இடுப்பெலும்பில் உட்கார்ந்து கூடவே வருகின்றன. அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை. நானும் மெதுவாகத்தான் இறங்குகிறேன்.